புல்வெட்டும் தட்டும் புவியீர்ப்பு மையமும்

வீட்டில் இடம் போதவில்லை என்ற பேச்சு உலகம் முழுவதும் கேட்கின்ற பேச்சு. ஓர் அறையில் ஆறு பேர் வாழும் வீட்டிலும் அது கேட்கிறது. இரண்டு மோட்டார் வண்டிகளை நிறுத்தக் கொட்டகை கட்டிய வீட்டிலும் அது கேட்கிறது. இரண்டாவது வகையைச் சேர்ந்த வீடொன்றில் நான் ஆறு மாதம் தங்கியிருந்தேன். அங்கே ஓர் இரும்புத் தட்டை எங்கே வைப்பது என்ற சிறு கேள்வி எழுந்தது. அதற்கு விடை தேடியபோது, முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கரும்பலகையில் நான் எழுதிவந்த பௌதிகப் பாடம் ஒன்றை நானே மறுபடியும் படிக்க நேர்ந்தது. படித்த விதம் அவ்வளவு பெருமைக்குரியது அன்று. ஆயினும் உங்களுக்குப் பயன்படும் என்று கருதி அதைச் சொல்கிறேன்.

2017-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் அமெரிக்காவிலுள்ள என் மகள் வீட்டிற்குச் சென்றேன். மிச்சிகன் மாநிலத்தில் கிராண்ட் ராப்பிட்ஸ் என்ற நகரை அடுத்து அவர்கள் குடியிருக்கிறார்கள். அந்நகருக்கு மேற்கே ஏறத்தாழ 30 மைல் தொலைவில் கடல்போலப் பரந்து கிடக்கிறது மிச்சிகன் ஏரி. குளிர்காலத்தில் மேற்கிலிருந்து வீசும் கடுங்குளிர்க் காற்று அந்த ஏரியைக் கடந்து வரும்போது நீராவியை அள்ளிக்கொண்டு வருகிறது. கரை ஏறியதும் அதைப் பனியாகக் கொட்டிவிடுகிறது. ஒரு குளிர்காலம் முழுவதும் அங்கே விழும் பனியை ஒன்றன்மேல் ஒன்றாக அளந்து கூட்டினால், சராசரியாக 70 அங்குலத்துக்கு மேல் வரும். கோடையில் புல் வளரும் நிலம் அது. குளிர்காலத்தில் பனி மூடும் நிலமும் அதுவே. இந்த இரண்டையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்நாட்டில் வீட்டைச் சுற்றிப் புல்தரை வளர்ப்பது வழக்கம். அமெரிக்கா முழுவதிலும் இவ்வாறு பேணப்படும் புல்தரையின் பரப்பு ஏறத்தாழ 1,63,800 சதுர கிலோமீட்டர் என்று 2005-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்று மதிப்பிட்டது. நம் தமிழ்நாட்டின் மொத்தப் பரப்பு ஏறத்தாழ 1,30,000 சதுர கிலோமீட்டர்தான். தமிழ்நாட்டைக் காட்டிலும் பெரியதொரு புல்வெளியைக் கோடைகாலம் முழுவதும் அம்மக்கள் வெட்டிக்கொண்டே இருக்கிறார்கள் என்றால் அது மிகையாகாது.

புல்தரையைக் கையரிவாளால் வெட்டிய காலம் ஒன்று இருந்தது. இங்கிலாந்தில் குளோஸ்டர்ஷயர் பகுதியைச் சேர்ந்த ஸ்டிரவுட் என்னும் ஊரில் எட்வின் பட்டிங் என்பவர் 1830-இல் புல்வெட்டும் பொறிக்கு உரிமை பெற்றார். அவ்வூரில் கம்பளித் துணி ஆலைகள் மிகுதி. துணியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் மயிர்களைச் சீராகக் கத்தரிக்க ஆலையில் சுழலும் கத்தியுடைய பொறி ஒன்று இருந்தது. துணியின் மேல் மயிரைக் கத்தரிக்கும் பொறி நிலத்தின் மேல் புல்லைக் கத்தரிக்கக் கூடாதா என்று அவர் எண்ணினார். அந்த எண்ணமே கண்டுபிடிப்பாயிற்று. பின்னர் எஞ்சின் வந்தது. உட்கார்ந்து ஓட்டும் சிறு டிராக்டர்களும் வந்தன. 1963-இல் ஜான் டீர் நிறுவனம் 110 என்னும் எண்ணிட்ட சிறு டிராக்டரை வெளியிட்டது. அத்தகைய வண்டிகள் இன்று அந்நாட்டுப் புறநகர்களில் சாதாரணக் காட்சி.

இந்த வண்டியின் வயிற்றின் அடியில் தொங்குவதே நம் கதைக்குரிய தட்டு. அவர்கள் அதை டெக் என்கிறார்கள். நாம் வெட்டுத்தட்டு என்று வைத்துக்கொள்வோம். கவிழ்த்து வைத்த பெரிய தாம்பாளம் ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அதன் உட்புறத்தில், நம் வீட்டு மின்விசிறியின் இறக்கைகளைப் போல, இரண்டு அல்லது மூன்று எஃகுக் கத்திகள் படுக்கை வாட்டில் சுழலும். எஞ்சினின் விசையை ஒரு பெல்ட் அவற்றுக்குக் கொண்டு சேர்க்கும். முழு வேகத்தில் கத்தியின் நுனி மணிக்கு ஏறத்தாழ 200 மைல் வேகத்தில் செல்லும். கத்தி மண்ணைச் சுரண்டாதிருக்கத் தட்டின் விளிம்புகளில் சிறிய உருளைச் சக்கரங்கள் உண்டு. இந்தச் சக்கரங்களையும் மறந்துவிடாதீர்கள். நான் மறந்தேன்.

பனிக்காலம் நெருங்கியதும் பலர் தட்டைக் கழற்றிவிட்டு, அதே டிராக்டரின் முன்புறத்தில் பனியை வாரி எறியும் பொறியைப் பூட்டுகிறார்கள். பல வகை வண்டிகளில் இரண்டும் ஒரே இடத்திலிருந்து விசையைப் பெறுவதால், ஒன்றைக் கழற்றினால்தான் மற்றொன்றைப் பூட்ட முடியும். கழற்றுவது எளிது. கழற்றியதை ஐந்து மாதம் எங்கே வைப்பது என்பதே கேள்வி.

கணக்கைப் பாருங்கள். என் மாப்பிள்ளை வீட்டுக் கொட்டகை நீளம் 20 அடி, அகலம் 20 அடி. பரப்பு 400 சதுர அடி. ஒரு கார் 16 அடி நீளமும் 6 அடி அகலமும் என்று கொண்டால், இரண்டு கார்கள் 192 சதுர அடியை எடுத்துக்கொள்ளும். மீதியில் கார்க் கதவுகள் திறக்க இடம் வேண்டும். டிராக்டர் நிற்க வேண்டும். மிதிவண்டிகள், ஏணி, வேலை மேசை, பனிப்பொறி எல்லாம் இருக்க வேண்டும். நம் தட்டோ 42 அங்குல அகலத்துக்குப் புல்வெட்டும் வகை. புல்லை வெளியேற்றும் வாயையும் சேர்த்து அளந்தால் நீளம் 4 அடி, அகலம் 3 அடி, உயரம் ஏறத்தாழ 15 அங்குலம். எடை சுமார் 45 கிலோகிராம். இதைவிடப் பெரிய தட்டுகள் 80 கிலோவையும் எட்டும். தரையில் படுக்க வைத்தால் 12 சதுர அடி போய்விடும். மழையிலும் பனியிலும் வெளியே போட்டாலோ துருப்பிடித்துக் கெடும்.

“இதைச் சுவரில் சாய்த்துவிட்டால் போயிற்று” என்றேன் நான். 4 அடிக்கு 3 அடி என்று படுத்திருக்கும் பொருளை நிமிர்த்தி வைத்தால், 4 அடிக்கு ஒன்றேகால் அடி என்றாகிவிடும். 12 சதுர அடி 5 சதுர அடியாகச் சுருங்கும். ஒரு பொருளுக்குப் பல முகங்கள் உண்டு; எந்த முகத்தைத் தரைக்குக் காட்டுகிறோம் என்பதைப் பொறுத்தே அது பிடிக்கும் இடம் அமைகிறது. தீப்பெட்டியை மேசைமேல் மூன்று விதமாக வைத்துப் பார்த்தால் இது விளங்கும். இவ்வளவும் சரிதான். நானும் மாப்பிள்ளையுமாகத் தட்டை அதன் முன்விளிம்பில் நிமிர்த்தி, கத்திப்பக்கம் சுவரைப் பார்க்கச் சாய்த்து வைத்தோம். அசையாமல் நின்றது. “நன்றாக இருக்கிறது, மாமா” என்று அவர் சொன்னார். எனக்கும் மனநிறைவாக இருந்தது.

மறுநாள் மாலை, பத்து வயதுப் பேரன் தன் மிதிவண்டியை எடுக்கக் கொட்டகைக்குள் போனான். நான் வாசற்படியில் நின்றிருந்தேன். மிதிவண்டியின் கைப்பிடி தட்டில் இலேசாகப் பட்டது. தட்டின் கால்பகுதி சுவரைவிட்டு வெளிப்புறமாக நழுவி ஓடியது. மேல்விளிம்பு சுவரைக் கீறிக்கொண்டு இறங்கியது. 45 கிலோ இரும்பு பேரொலியுடன் தரையில் விழுந்தது. பையன் துள்ளிப் பின்வாங்கியிருந்தான். அவன் பாதத்திற்கும் தட்டின் விளிம்பிற்கும் இடையே ஒரு சாண் இடைவெளி இருந்தது. அந்த ஒரு சாணை நான் இன்றும் மறக்கவில்லை.

அழுகை அடங்கியபின் அவன் கீழே குனிந்து பார்த்தான். “தாத்தா, அடியில் சக்கரம் இருக்கிறதே, நீங்கள் பார்க்கவில்லையா?” என்று கேட்டான். என்னிடம் விடை இல்லை. ஆயிரக்கணக்கான மாணவர்களுக்கு உராய்வைப் பற்றிப் பாடம் சொன்னவன், உருளும் சக்கரங்களின் மேல் ஒரு தட்டைச் சாய்த்து வைத்திருந்தேன்.

இனி அந்தப் பாடத்தைப் பார்ப்போம். சுவரில் சாய்ந்து நிற்கும் பொருள் இரண்டு விதமாக விழக்கூடும். அதன் எடை முழுவதும் ஒரு புள்ளியில் குவிந்திருப்பதுபோல் கருதலாம். அப்புள்ளியே புவியீர்ப்பு மையம். அம்மையத்திலிருந்து நேர் கீழாக இறக்கிய கோடு, பொருள் ஊன்றியிருக்கும் அடித்தளத்திற்குள் விழுமானால் பொருள் நிற்கும். வெளியே விழுமானால் கவிழும். தட்டைச் சுவரோடு ஒட்டிச் செங்குத்தாக நிறுத்தினால், சிறிது இழுத்தாலும் மேல்பக்கம் நம்மேல் கவிழும். இது முதல் வகை. மிகையாகச் சாய்த்து வைத்தால் கால் வழுக்கி வெளியே ஓடும். இது இரண்டாம் வகை. கால் ஓடாமல் தடுப்பது தரையின் உராய்வு ஒன்றே. ஏணி சாய்ப்பவர்கள் நான்கடி உயரத்துக்கு ஓரடி என்ற அளவில் காலைச் சுவரிலிருந்து தள்ளி வைப்பது இந்த இரண்டு ஆபத்துகளுக்கும் நடுவே செல்லும் வழியாகும். ஆனால், ஏணியின் காலில் சக்கரம் மாட்டினால் என்ன ஆகும்? உராய்வு அனேகமாக இல்லாமலே போய்விடும். உருளும் காலுக்கு எந்தச் சாய்வும் காவல் ஆகாது. எங்கள் தட்டு முதல்நாள் நின்றதே வியப்பு. மறுநாள் விழுந்ததில் வியப்பில்லை.

சாய்க்காமல் நிமிர்த்தியே வைத்தால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். அதற்கும் கணக்கு உண்டு. 36 அங்குல உயரமும் 15 அங்குலக் கனமும் உடைய சீரான பெட்டியொன்று ஏறத்தாழ 22 பாகை சாயும்வரை திரும்பித் தன் நிலைக்கு வரும், அதற்குமேல் கவிழும். அதையே குறுகிய பக்கத்தில் 48 அங்குல உயரமாக நிறுத்தினால் 17 பாகையிலேயே கவிழும். இடம் இன்னும் மிச்சமாகும். உறுதியோ இன்னும் குறையும். மேலும், நம் தட்டு பெட்டியன்று. தரையைத் தொடுவது அதன் ஒல்லியான விளிம்பே ஆதலால், இந்தப் பாகைகள் உண்மையில் இன்னும் குறைவு. இடத்தைச் சேமிக்கச் சேமிக்க நிலைப்பைச் செலவிடுகிறோம். செலவிட்ட நிலைப்பை வேறொரு வழியில் ஈடு செய்தாக வேண்டும்.

அன்றிரவு நாங்கள் மூவரும் மேசையருகே அமர்ந்து தாளில் படம் போட்டுப் பார்த்தோம். எங்கள் முன் மூன்று வழிகள் இருந்தன.

முதலாவது, தட்டைப் படுத்தபடியே வைத்து மற்றொன்றின் அடியில் தள்ளிவிடுவது. தடித்த ஒட்டுப்பலகையின் கீழ் நான்கு திரும்பும் சக்கரங்களைப் பொருத்தினால் ஒரு தள்ளுபலகை கிடைக்கும். தட்டும் பலகையுமாக 20 அங்குல உயரம். வேலை மேசையின் கீழே தாராளமாக நுழையும். எதுவும் கவிழாது; ஒரு கையால் தள்ளலாம். எல்லாவற்றிலும் அச்சமற்ற வழி இதுவே. ஆனால் அந்த மேசையின் அகலம் 2 அடி, தட்டின் அகலம் 3 அடி. ஓரடி வெளியே நீட்டிக்கொண்டு, போவோர் காலை இடறும். ஆழமான மேசை உள்ளவர்களுக்கு இதைவிடச் சிறந்த வழி வேறில்லை.

இரண்டாவது, கப்பியும் கயிறும் கொண்டு கூரையில் தூக்கிக் கட்டுவது. தரையில் ஒரு சதுர அங்குலமும் போகாது. நான்கு இழைகள் எடையைத் தாங்குமாறு கப்பிகளை அமைத்தால், உராய்வை நீக்கிப் பார்க்கையில், 45 கிலோவைப் பதினொன்றேகால் கிலோ விசையால் தூக்கிவிடலாம். அதற்கு ஈடாகத் தட்டு ஓரடி உயர நாம் நான்கடி கயிற்றை இழுக்க வேண்டும். இயற்கை எதையும் இனாமாகத் தருவதில்லை அல்லவா? ஆயினும் நான் தயங்கினேன். அந்நாட்டு வீடுகளின் மரக்கூரைச் சட்டங்கள் கூரையையும் அதன்மேல் விழும் பனியையும் தாங்கக் கணக்கிட்டுச் செய்யப்பட்டவை. கீழ்ச்சட்டத்தில் கனத்த பொருளைத் தொங்கவிட எல்லாம் ஏற்றவை அல்ல. தொங்கவிடுவதானால், தக்கவரைக் கேட்டு, பல சட்டங்களுக்குப் பளுவைப் பகிர்ந்து, கயிற்றோடு தனியே ஒரு சங்கிலியும் பூட்ட வேண்டும். காரோ மனிதரோ அதன் கீழே நிற்கலாகாது. சிறு கொட்டகையில் எவரும் நிற்காத மூலை எங்கே இருக்கிறது?

மூன்றாவது, சுவரோரம் நிமிர்த்தி வைப்பதே; ஆனால் செய்ய வேண்டிய முறையில் செய்வது. அதையே தேர்ந்தெடுத்தோம். இரண்டு தடித்த மரச்சட்டங்களை இணையாகப் பலகைமேல் அறைந்து ஒரு தொட்டில் செய்தோம். தட்டின் இரும்பு விளிம்பு சட்டங்களின் மேல் அமரும். சக்கரங்கள் இடைவெளியில் தரையைத் தொடாமல் தொங்கும். வெளிப்புறம் நழுவாதபடி முன்னால் ஒரு தடுப்புக் கட்டை; தொட்டிலையும் சுவரின் அடிச்சட்டத்தோடு திருகாணியால் பிணைத்தோம். மேலே, தட்டைச் சுற்றி ஒரு சங்கிலியை இட்டுச் சுவரில் மாட்டினோம். அங்கே சுவர் என்பது செங்கல் அன்று. 16 அங்குலத்துக்கு ஒன்றாக நிற்கும் மரச்சட்டங்களும் அவற்றின்மேல் போர்த்திய ஜிப்சம் பலகையுமே. வெறும் பலகையில் திருகிய கொக்கி பளு வந்தால் பிடுங்கிக்கொண்டு வரும். ஆகவே, சுவரைத் தட்டிப் பார்த்து, உள்ளே மரச்சட்டம் இருக்கும் இடத்தை உறுதி செய்துகொண்டு கொக்கியைத் திருகினோம்.

தட்டை நிமிர்த்த முழு எடையையும் தூக்க வேண்டியதில்லை. ஒரு விளிம்பைத் தரையில் ஊன்றி எதிர் விளிம்பை உயர்த்தினால், எடையில் ஏறத்தாழ பாதியைத் தூக்கினால் போதும். மற்றப் பாதியைத் தரை தாங்கிக்கொள்ளும். ஆயினும் இருவர் சேர்ந்தே தூக்க வேண்டும். தடித்த தோலுறை அணிய வேண்டும். தட்டைத் தொடுமுன் சிறுவர்களை அப்பால் அனுப்ப வேண்டும்.

நல்ல இடத்தில் வைத்தால் மட்டும் போதாது. நல்ல நிலையில் வைக்கவும் வேண்டும். தட்டின் உட்புறத்தில் ஈரப்புல் அப்பிக்கொண்டு காய்ந்து கிடக்கும். அது மறுபடியும் ஈரத்தை உறிஞ்சி இரும்போடு சேர்த்து வைத்திருக்கும். இரும்பும் நீரும் காற்றும் கூடும் இடத்தில் துரு பிறக்கும். ஆகவே, மரக்கரண்டி போன்ற ஒன்றால் புல்லைச் சுரண்டி, கழுவி, நன்றாக உலர்த்தி, இலேசாக எண்ணெய் பூசினோம். கத்தி சுழலும் தண்டின் பேரிங்குகளில் நீரைப் பீய்ச்சி அடிக்கலாகாது. காற்றுப் புகாத பிளாஸ்டிக் உறையால் மூடுவதும் தவறு. உள்ளே ஈரம் வியர்த்துத் தங்கிவிடும்.

கத்திகளைக் கழற்றிச் சாணை பிடித்தோம். சாணை பிடித்தபின் ஒவ்வொரு கத்தியின் நடுத்துளையையும் சுவரிலுள்ள ஓர் ஆணியில் மாட்டிப் பார்த்தார் மாப்பிள்ளை. ஒரு பக்கம் தாழ்ந்தால் அந்தப் பக்கம் எடை மிகுதி என்று பொருள். அங்கே இன்னும் சிறிது அராவ வேண்டும். இல்லையேல் சுழலும்போது கத்தி அதிர்ந்து பேரிங்கைத் தின்றுவிடும். அங்கேயும் அதே புவியீர்ப்பு மையந்தான்! பேரன் அதைக் கண்டுகொண்டு, தானே மூன்றாவது முறையும் மாட்டிப் பார்த்தான். தராசு முள்ளைப் போலக் கத்தி படுக்கை வாட்டில் நின்றபோது அவன் முகத்தில் தோன்றிய மகிழ்ச்சி, வகுப்பறையில் நான் எப்போதோ சிலரிடம் மட்டுமே கண்ட மகிழ்ச்சி.

வேலை முடிந்ததும் தட்டின் மேல்விளிம்பைப் பிடித்து என் வலிமை முழுவதையும் கொண்டு இழுத்தேன். பிறகு மாப்பிள்ளை இழுத்தார். சங்கிலி விறைத்ததே தவிர, தட்டு அசையவில்லை. அதன்பிறகே பேரனை மிதிவண்டி எடுக்க விட்டோம். இந்தச் சோதனையை நான் முதல்நாளே செய்திருக்க வேண்டும். தொடாதபோது நிற்கிறதா என்று பார்த்தேன். தொட்டாலும் நிற்குமா என்று பார்க்கவில்லை.

2018 மார்ச்சில் நான் ஊர் திரும்பினேன். மே மாதத்தில் மகள் தொலைபேசியில் பேசினாள். தட்டைத் தொட்டிலிலிருந்து இறக்கி டிராக்டரில் பூட்டிவிட்டதாகவும், துரு இல்லை என்றும் சொன்னாள். தொட்டிலைப் பிரிக்க வேண்டாம் என்று பேரன் சொல்லிவிட்டானாம். அடுத்த குளிர்காலத்துக்கு வேண்டுமாம்.

மாணவ நண்பர்களே, உங்களில் பெரும்பாலோர் வீட்டில் புல்வெட்டும் தட்டு இராது. ஆனால் சுவரில் சாய்த்த கட்டிலும், பரண்மேல் ஏற்றிய பெட்டியும், அலமாரியின் தலையில் வைத்த பளுவும், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய பெஞ்சுகளும் இருக்கும். அவற்றின் அருகே உங்கள் வீட்டுக் குழந்தை விளையாடும். இன்று வீட்டிற்குப் போனதும், சாய்த்து வைத்த ஒரு பொருளின் அருகே சென்று மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: இதன் எடை எங்கே குவிகிறது? இதன் கால் எதன்மேல் நிற்கிறது? ஒரு குழந்தை இதை இழுத்தால் இது என்ன செய்யும்? மூன்றாவது கேள்விக்கு விடை தெரியாவிட்டால், அப்பொருளை மறுபடியும் படுக்க வைத்துவிடுங்கள். இடம் சிறிது போனால் போகட்டும்.